தண்ணீர் தன் தொடக்கத்தை மறக்குமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று ஓர் ஆறுதல் மொழியும் நம்மிடம் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் இரண்டையும் சொல்வார்கள். சில வேளைகளில் ஒரே நாளில், ஒரே பிள்ளையைப் பற்றியே சொல்வார்கள். இரண்டும் ஒரே இடத்தில் உண்மையாக இருக்க முடியாது. ஆனாலும் எது எங்கே பொருந்தும் என்று நாம் நின்று கேட்பதில்லை.

இக்கேள்வியைத் தண்ணீரிடம் கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கனமான திரவம் மேலேயும் இலேசான திரவம் கீழேயும் இருந்தால் அவை கொந்தளித்துக் கலக்கும். அப்படிக் கலக்கும்போது, கலப்பு தொடங்கிய விதத்தைத் தண்ணீர் நினைவில் வைத்திருக்கிறதா, அல்லது மறந்துவிடுகிறதா? மறந்துவிடும் என்றே நெடுநாள் நம்பினார்கள். இன்று அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டிருக்கிறது. அந்த வரலாற்றைச் சொல்லி, அதைக் கொண்டு நம் ஆய்வுக்கூடத்தைப் பற்றியும் நம் வகுப்பறையைப் பற்றியும் எனக்குள்ள கருத்தைக் கூறவே இக்கட்டுரை. பேராசிரியப் பெருமக்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் யாவரும் அறிந்த ஒரு வேடிக்கையை எடுத்துக்கொள்வோம். ஒரு குவளை நிறையத் தண்ணீர் ஊற்றி, வாயை ஓர் அட்டையால் மூடித் தலைகீழாகக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டாது. காற்றின் அழுத்தம் தாங்குகிறது என்று எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். சரி, இப்போது அட்டையை எடுத்துவிடுங்கள். தண்ணீர் ‘சளார்’ என்று கொட்டுகிறது. ஏன்? அட்டையை எடுத்தவுடன் காற்றின் அழுத்தம் எங்கும் போய்விடவில்லையே! சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கக்கூடிய காற்று, ஒரு சாண் தண்ணீரைத் தாங்க முடியாமல் போவானேன்?

இந்த இரண்டாவது கேள்வியை என்னிடம் பள்ளியில் யாரும் கேட்டதில்லை. விடை இதுதான். தண்ணீரின் அடிப்பரப்பு துளியும் பிசகாமல் மட்டமாக இருந்தால் காற்று அதைத் தாங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் அது அவ்வளவு மட்டமாக இருப்பதில்லை. எங்கோ ஒரு மயிரிழை அளவு கீழே தொங்கும். பக்கத்தில் ஒரு மயிரிழை மேலே ஏறியிருக்கும். தொங்கிய இடம் மேலும் தொங்குகிறது, ஏறிய இடத்தில் காற்று மேலும் ஏறுகிறது. ஆகவே அட்டை தண்ணீரைத் தாங்கவில்லை. பரப்பை மட்டமாக வைத்திருந்தது, அவ்வளவே. தண்ணீருக்கு மேல் இழுவிசை இருப்பதால் 1.7 செ.மீ.க்குக் குறைந்த அலைகள் இப்படி வளர மாட்டா. குவளை வாயில் வலைத்துணி கட்டிக் கவிழ்த்தால் தண்ணீர் நிற்பதும், உறிஞ்சுகுழலின் மேல்முனையை விரலால் மூடித் தூக்கினால் உள்ளிருப்பது நிற்பதும் இதனால்தான்.

கனமானது மேலே, இலேசானது கீழே என்ற இந்த நிலையற்ற சமநிலையை 1883-இல் கணக்கிட்டுக் காட்டியவர் ராலே பிரபு. 1950-இல் ஜி.ஐ. டெய்லர் அதை விரிவாக்கினார். கீழ்நோக்கி இழுக்கும் ஈர்ப்பு மட்டுமன்று, எந்த முடுக்கமும் இதே வேலையைச் செய்யும் என்றார். அதே ஆண்டில் லூயிஸ் என்பவர் அதைச் சோதனையிலும் காட்டினார். இன்று உலகம் இதை ராலே–டெய்லர் நிலைகுலைவு என்று அழைக்கிறது. 1961-இல் இப்பொருள் குறித்து ஒரு பெருநூலில் தனி அத்தியாயம் எழுதியவர் எஸ். சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில், அதாவது நம்முடையதைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரியில், 1930-இல் பட்டம் பெற்றவர். 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். விழா மேடைகளில் அவர் பெயரைச் சொல்லி, “அவரால் முடிந்தது உங்களால் முடியாதா?” என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அவருடைய சிற்றப்பா சர் சி.வி. இராமன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கணக்கு முழுமையாக இருக்கும். சந்திரசேகரின் பெருமை இதனால் ஓர் இம்மியும் குறையாது. தொடக்க நிலையைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்லக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உப்பைக் கரைத்து அதை மேலேயும், நல்ல தண்ணீரைக் கீழேயும் வைப்பதாகக் கொள்வோம். இரண்டின் அடர்த்தி வேறுபாட்டை அடர்த்திகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது ஆட்வுட் எண். இங்கே அது சுமார் 0.03. எல்லைப் பரப்பில் 1 செ.மீ. நீளமுள்ள ஒரு சிற்றலை இருந்தால், அதன் உயரம் ஏறக்குறைய 0.05 விநாடிக்கு ஒரு முறை இரட்டிக்கும். கந்துவட்டி தோற்றுப்போகும் வேகம் இது! ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. தொடக்கத்தில் அந்த அலை பத்தில் ஒரு பங்கு உயரமே இருந்திருந்தால் என்னவாகும்? அதே உயரத்தை எட்ட 0.17 விநாடிதான் கூடுதலாகும். பத்து மடங்கு சிறிய தொடக்கத்துக்கு ஆறில் ஒரு விநாடித் தாமதம், அவ்வளவுதான். ‘போகப் போகச் சரியாகிவிடும்’ கட்சிக்காரர்களுக்கு இது முதல் வெற்றி.

அலை தன் நீளத்தோடு ஒப்பிடத்தக்க உயரத்துக்கு வளர்ந்துவிட்டால் இந்த வட்டிக்கணக்கு நின்றுவிடும். கீழிருந்து இலேசான நீர் குமிழ்களாக மேலே ஏறும். மேலிருந்து கனமான நீர் விரல்களாகக் கீழே இறங்கும். பெரிய குமிழ் வேகமாக ஏறும், சிறியது பின்தங்கும். பின்தங்கியதைப் பெரியது தன்னோடு சேர்த்துக்கொள்ளும். இரண்டு குமிழ் ஒன்றாகும், அப்படிச் சேர்ந்தவற்றில் இரண்டு மறுபடியும் ஒன்றாகும். குமிழ்களுக்கும் தலைமுறைக் கணக்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பல தலைமுறைகள் இவ்வாறு கடந்தபின், முதல் தலைமுறை எப்படி இருந்தது என்ற செய்தியே அழிந்துபோகும் என்பதுதான் கொள்கை. அப்போது எஞ்சுவது ஒரே ஓர் எளிய விதி. கலப்புப் பகுதியின் ஆழம், ஆட்வுட் எண்ணையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் நேரத்தின் வர்க்கத்தையும் பெருக்கி, அதை ஆல்ஃபா என்னும் ஒரு மாறா எண்ணால் மீண்டும் பெருக்கினால் கிடைக்கும். தொடக்க அலையின் நீளமோ உயரமோ இந்த விதியில் எங்குமே இல்லை! எவ்வளவு அழகான விதி என்று முதலில் படித்தபோது நானும் மயங்கினேன்.

மாறா எண் என்றால் அது என்ன எண்? இங்கேதான் தகராறு.

பிரிட்டனில் ரீட், யங்ஸ் ஆகியோர் 1984-இல் தங்கள் ஆய்வை வெளியிட்டனர். திரவங்கள் நிரம்பிய தொட்டியைச் சிறு ராக்கெட்டுகளால் கீழ்நோக்கி விரட்டிப் படமெடுத்த சோதனைகள் அவை. அவற்றிலும் பின்வந்த பல சோதனைகளிலும் ஆல்ஃபா 0.05 முதல் 0.07 வரை கிடைத்தது. கணிப்பொறிகள் வலுப்பெற்றபின் பல குழுவினர் ஒன்றுகூடி, ஒரே கணக்கைத் தத்தம் நிரல்களில் போட்டுப் பார்த்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். விடை சுமார் 0.025. சோதனையில் கண்டதில் பாதிகூட இல்லை. நம் உப்புத் தண்ணீருக்கு இதன் பொருள் என்ன? இரண்டு விநாடியில் ஆல்ஃபா 0.06 என்றால் கலப்பு 7 செ.மீ. ஏறியிருக்கும், 0.025 என்றால் 3 செ.மீ.தான். குவளைக்கும் கணிப்பொறிக்கும் இவ்வளவு பிணக்கு.

யார் பிழை செய்தார்கள்? கணிப்பொறி நிரல்கள் திரவங்களைத் தேவைக்கு மேல் கரைத்துவிடுகின்றன என்று ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் பெரிய காரணம் வேறு. கணிப்பொறியில் அவர்கள் வேண்டுமென்றே மிகச் சிறிய அலைகளை மட்டும் தொடக்கத்தில் விதைத்திருந்தார்கள். குமிழோடு குமிழ் சேர்ந்துதான் பெரியது உண்டாக வேண்டும் என்பது ஏற்பாடு. உண்மையான தொட்டியில் அப்படி இல்லை. நீண்ட அலைகளும் முதலிலிருந்தே மெலிதாக ஒளிந்திருக்கும். சின்னக் குமிழ்கள் தட்டுத்தடுமாறிச் சேர்ந்து பெரிதாகும் வரை அவை காத்திருப்பதில்லை; தாமே வளர்ந்து முந்திக்கொள்ளும். கணிப்பொறியிலும் நீண்ட அலைகளைத் தொடக்கத்தில் கலந்துவிட்டபோது ஆல்ஃபா உயர்ந்து சோதனை எண்ணை நெருங்கியது. தொடக்க உயரம் கூடக்கூட ஆல்ஃபாவும் மெதுவாகக் கூடியது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு இடத்திலும் நேரத்தின் வர்க்கம்தான், அதாவது வளர்ச்சியின் விதி ஒன்றே. விதியைப் பார்த்தவர்கள் தொடக்கம் மறைந்துவிட்டது என்றார்கள். ஆனால் அது மறையவில்லை. விதிக்கு முன்னால் நிற்கும் குணகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மறதிக்கு ஒரு நிபந்தனையும் உண்டு: இடம் வேண்டும், காலம் வேண்டும். 1 செ.மீ. அலையில் தொடங்கினால் அடுத்த தலைமுறை 2 செ.மீ., அதற்கடுத்தது 4, பிறகு 8. ஆனால் குவளையின் அகலமே 7 செ.மீ.தான். மூன்றாம் தலைமுறைக்கே இடமில்லாத குவளையில் பல தலைமுறை மறதிக்கு எங்கே போவது?

கேம்பிரிட்ஜில் லிண்டன், டால்சீல் ஆகியோர் செய்த சோதனைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. காரணம், அவை நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. தொட்டியின் நடுவே ஒரு தடுப்புத் தகடு. மேலே உப்புநீர், கீழே நல்லநீர். தகட்டைப் பக்கவாட்டில் உருவினால் கலப்பு தொடங்கும். ஆனால் உருவும் தகடே தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்ச் சுழல்களை உண்டாக்கிவிடுகிறது. இதைக் குறைக்க டால்சீல், தகட்டை நைலான் துணியால் போர்த்தி, தகடு நகரும்போது துணி தண்ணீரின்மேல் உரசாமல் இருக்கும்படி அமைத்தார். அப்படியும் மிஞ்சிய கலக்கத்தை அளந்து, அதையே கணிப்பொறிக்குத் தொடக்க நிலையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதுதான் கணக்கும் காட்சியும் ஒத்துவந்தன. ‘பரப்பு தட்டையாக இருந்ததாகக் கொள்க’ என்று ஒரு வரி எழுதித் தப்பித்துக்கொள்ளாத அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

இதைப் படித்தபின் என் வீட்டுத் திண்ணையில் நானும் செய்து பார்த்தேன். ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குவளைகள், கல்லுப்பு, சொட்டு நீலம், தகட்டுக்குப் பதிலாகப் பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய ஒரு துண்டு. இவ்வளவே கருவிகள். நீலம் கலந்த உப்புநீர்க் குவளையைப் பிலிமால் மூடிக் கவிழ்த்து, நல்லநீர்க் குவளையின்மேல் வாயோடு வாய் பொருத்தி, பிலிமை உருவ வேண்டும். தம்பி கைப்பேசியில் படம் எடுத்தான். பன்னிரண்டு முறை செய்தோம். அம்மா உப்புச் சாடியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டதால் பதின்மூன்றாவது முறை நடைபெறவில்லை.

மெதுவாக உருவியபோது, முதலில் திறந்த ஓரத்திலேயே நீலம் கொட்டத் தொடங்கி, குவளை முழுவதும் ஒரே பெரிய உருளலாகப் புரண்டது. வெடுக்கென்று உருவியபோது பிலிமின் பின்னால் சுழல்கள் எழுந்து, நீலம் பல விரல்களாக இறங்கியது. நடுவில் கை ஒருமுறை நின்று மீண்டும் இழுத்தபோது, நின்ற இடத்துக்கு நேரே ஒரு தடித்த விரல் தனியாக இறங்கியதைப் படத்தில் தெளிவாகக் காணலாம். எல்லாம் கலந்து வெளிர்நீலமாக நின்றபின் பன்னிரண்டும் ஒன்றுபோல்தான் இருந்தன; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கலப்பு நடந்துகொண்டிருந்த அந்தச் சில விநாடிகளில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை.

குவளைக்கு வெளியேயும் இந்தக் கதை உண்டு. 1987 பிப்ரவரியில் பெரிய மாகெல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தது. அதன் ஆழத்தில் பிறந்த கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் எக்ஸ் கதிர்கள், எதிர்பார்த்ததற்குப் பல மாதங்கள் முன்னதாகவே, ஆகஸ்டிலேயே தென்பட்டன. உள்ளிருந்தது எப்படியோ கலந்து வெளியே வந்துவிட்டது. வெளி அடுக்குகளில் மட்டும் சிறு நடுக்கத்தை விதைத்துச் செய்த கணக்குகளால் நிக்கலை அத்தனை வேகத்தில் வெளியே கொண்டுவர முடியவில்லை. வெடிப்பு தொடங்கிய நொடியிலேயே இருந்திருக்கக்கூடிய பெரிய கோணலையும் சேர்த்த பிறகுதான் கணக்கு நெருங்கி வந்தது. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 192 லேசர் கற்றைகளால் ஒரு சிறு உருண்டையை நசுக்கி அணுக்கரு இணைவை உண்டாக்குகிறார்கள். அங்கே உருண்டையைத் தாங்கிப் பிடிக்கும், மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே தடிப்புள்ள சவ்வுகூட, நசுங்கும்போது வளரும் தழும்பை விதைத்துவிடுகிறது. 2021 ஆகஸ்டில் கிடைத்த பெரிய ஆற்றல், அதே முறையில் மீண்டும் செய்தபோது கிடைக்கவில்லை; உருண்டைகளில் இருந்த நுண்குறைகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று கண்டார்கள். 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றது பெரும் வெற்றி. அதில் லேசருக்குப் பங்கு இருப்பதுபோல் உருண்டையைச் செய்தவர்களுக்கும் பங்கு உண்டு.

மாணவ நண்பர்களே! இனி நம் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள். நம் பதிவேட்டில் நோக்கம் உண்டு, தேவையான கருவிகள் உண்டு, சூத்திரம், செய்முறை, அட்டவணை, முடிவு எல்லாம் உண்டு. ‘தொடக்க நிலை’ என்று ஒரு பத்தி இல்லை. ஏன் இல்லை என்று ஆராய்ந்தால் சுவையான உண்மை ஒன்று புலப்படுகிறது. நமக்குத் தரப்படும் சோதனைகளில் பெரும்பாலானவை தொடக்கத்தை மறந்துவிடும் சோதனைகளே! ஸ்டோக்ஸ் முறையில் விளக்கெண்ணெயில் எஃகுக் குண்டை விடுகிறோம். அதை மெதுவாக விட்டாலும் சற்றே தள்ளிவிட்டாலும், சில மில்லி விநாடிகளில் எண்ணெய் அதை மறக்கடித்துவிடுகிறது. முதல் குறியைக் கடக்கும்போது எல்லாக் குண்டும் ஒரே சீரான வேகத்தில்தான் செல்லும். ஊசலில் முதல் சில அலைவுகளை விட்டுவிட்டு எண்ணச் சொல்கிறார்கள். இவற்றைச் செய்து செய்து, இயற்கை முழுவதும் விளக்கெண்ணெய் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

அந்த நம்பிக்கையின் விளைவு நாம் அறிந்ததே. புத்தக விடைக்கு அருகில் வந்தால் மதிப்பெண், விலகினால் “மறுபடியும் செய்” என்ற சொல். மாணவர்களில் சிலர் விடையிலிருந்து அளவீட்டுக்குப் பின்னோக்கி நடக்கும் கலையில் தேர்ந்துவிட்டதையும் யாவரும் அறிவர், பேராசிரியர்களும் அறிவர். சற்றே எண்ணிப் பாருங்கள். 0.06 என்று அளந்தவர்கள், கணிப்பொறி 0.025 சொல்கிறதே என்று தங்கள் எண்ணைத் திருத்தி எழுதியிருந்தால் என்னவாகியிருக்கும்? அந்த வேறுபாட்டுக்குள் ஒளிந்திருந்த உண்மை ஒளிந்தபடியே இருந்திருக்கும். விலகிய விடைகள் எல்லாமே சரியானவை என்று நான் வாதிடவில்லை. பெரும்பாலானவை கவனக் குறைவே. ஆனால் எது கவனக் குறைவு, எது தொடக்கத்தின் சாட்சி என்று பிரித்தறிய வேண்டுமானால், எப்படித் தொடங்கினோம் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். அது எழுதப்படாதவரை ‘தவறு’ என்று கோடிடும் உரிமை யாருக்கும் இல்லை என்பது என் துணிபு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை எழுதியதில் எனக்குப் பயன் இல்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வருவாய்த் துறையினர் ‘முதல் பட்டதாரி’ என்று ஒரு சான்றிதழ் தருகிறார்கள். அதாவது அரசாங்கம் என் தொடக்க நிலையை முத்திரை வைத்து எழுதித் தந்திருக்கிறது. என் வகுப்பில் இத்தகைய சான்றிதழுக்கு உரியவர்களே பெரும்பாலோர். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து, முதல் நாளே ஆங்கிலத்தில் திசையன் பகுப்பாய்வைக் கேட்டவர்கள் நாங்கள். “முதல் பருவம் முடிவதற்குள் எல்லோரும் ஒன்றாகிவிடுவீர்கள்” என்று அப்போது அன்போடு சொல்லப்பட்டது. அன்பில் குறையில்லை, ஆனால் அந்தக் கணக்கு விளக்கெண்ணெய்க் கணக்கு. நான்கு பருவங்கள் முடியப்போகின்றன. எல்லோரும் வளர்ந்திருக்கிறோம், ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, ஒரே விதி. குணகம்தான் ஒன்றாகவில்லை. வீட்டில் ஓர் அக்காவோ அண்ணனோ பட்டம் பெற்றவராக இருந்து, “இந்த அத்தியாயத்தை இப்படிப் படி” என்று சொல்ல வாய்த்தவர்கள் முன்னே போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அறிவில் மேம்பட்டவர்கள் என்பதை நானும் நம்பவில்லை, அவர்களும் நம்பவில்லை.

“மனிதன் தண்ணீர் அல்லன்” என்று விடுதி நண்பன் ஒருவன் என்னை மடக்கினான். உண்மைதான், தண்ணீருக்கு இரவு கண்விழித்துப் படிக்கத் தெரியாது. உவமை எல்லா இடத்திலும் பொருந்தும் என்று நான் சொல்லவும் இல்லை. அணுக்கரு இணைவில் கலப்பு கெடுதல். எரிபொருளும் காற்றும் சேரும் இடத்திலோ கலப்பே வேண்டுவது. ஆனால் அவன் அடுத்துச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. “அப்படியானால் எல்லாம் தலையெழுத்து என்கிறாயா?” என்றான். தலையெழுத்தும் தொடக்க நிலையும் ஒன்றல்ல. தலையெழுத்தை யாரும் அளக்க முடியாது, மாற்றவும் முடியாது. தொடக்க நிலையை அளக்கலாம். தகட்டுக்குத் துணி போர்த்தலாம், உருண்டையை இன்னும் மெருகேற்றலாம். வேண்டிய கலப்பு கிடைக்கும்படி முதல் அலையையே திட்டமிட்டு அமைக்கலாமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். தொடக்கம் முக்கியமன்று என்று சொல்பவரிடம் இதையெல்லாம் யார் போய்க் கேட்பது?

கேட்பதற்கு நம்மிடம் பெரிதாக ஒன்றுமில்லை. முதலாண்டின் முதல் மாதத்தைப் பாடத்திட்டத்துக்குக் கொடுக்காமல், மாணவர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கக் கொடுக்கலாம். நூலகத்தின் கடைசி அலமாரியில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அந்நாளில் வெளியிட்ட கல்லூரி இயற்பியல் நூல்கள் தூசி படிந்து கிடக்கின்றன. இக்கட்டுரையின் கலைச்சொற்களில் பாதியை நான் அவற்றிலிருந்தே கற்றேன். அவற்றை முன் அலமாரிக்குக் கொண்டுவரலாம். சேர்க்கையின்போது எல்லா மாணவரிடமும் அந்த அலமாரியைக் காட்டலாம்.

ஆய்வுக்கூடத்தைப் பொறுத்தவரை, கிழக்குப் பக்கப் பீரோவில் நீள்சதுரக் கண்ணாடித் தொட்டி ஒன்று சும்மாவே இருக்கிறது. அதற்குப் பொருத்தமாக ஒரு மெல்லிய எஃகுத் தகடு வெட்டுவிக்க வேண்டும். ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும். உப்பும் நீலமும் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். துறைத் தலைவர் இசைந்தால், இரண்டாமாண்டு மாணவர்கள் குழுவுக்கு ஐந்து முறை என்று செய்து, தகட்டை உருவ எத்தனை விநாடி ஆயிற்று, எந்தத் திசையில் உருவினோம், தண்ணீரை ஊற்றி எத்தனை நிமிடம் அசையாமல் விட்டோம், இரு நீரின் வெப்பநிலை என்ன என்பதையெல்லாம் முதல் பக்கத்திலேயே குறிப்போம். ஆல்ஃபாவைக் கடைசிப் பக்கத்தில் எழுதுவோம். ஐந்து முறையும் ஒரே எண் வந்த குழுவைத்தான் பேராசிரியர் முதலில் அழைத்து விசாரிக்க வேண்டும்.